குறித்த பருவமும் குறிக்கப்படாத காலமும்: சங்கப் பாடல்களில் காலமும் உறவும்

சங்க அகப்பாடல்களில் பொழுது பெறும் இடம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அதனை நிலத்தோடு சேர்த்து, ‘முதற்பொருள்’ என்ற தலைப்பின்கீழ்ச் சில பக்கங்களில் முடித்துவிடுகின்றன. நிலம் பெற்ற கவனத்தைப் பொழுது பெறவில்லை. தனிநாயகம் அடிகளார் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலும், ஏ.கே. இராமானுசன் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்புத் தொகுதியும் தம் தலைப்பிலேயே நிலக்காட்சியை முன்னிறுத்தின. அவ்விரு நூல்களும் செய்த தொண்டு பெரிது. எனினும் அவற்றுக்குப்பின் அகப்பாடலைத் திறக்கும் திறவுகோல் நிலமே என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. நம் வகுப்பறைகளிலோ பொழுது ‘பின்னணி’ என்றே கற்பிக்கப்படுகிறது. முல்லைக்குக் காரும் மாலையும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் என்று மாணவர் மனனம் செய்து, தேர்வுத்தாளில் அட்டவணையாக வரைந்துவிடுகின்றனர். அட்டவணையில் பிழை இல்லை. ஆனால் பொழுது வெறும் பின்னணிதான் என்றால், பாடலுக்குள் இருக்கும் மாந்தர் அதனோடு ஏன் வழக்காடுகின்றனர் என்ற வினாவுக்கு அந்த அட்டவணையில் விடை இல்லை. அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

கொன்றையின் சாட்சியம்

குறுந்தொகையின் 21ஆம் பாடலையும் 66ஆம் பாடலையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பது பயன் தரும். முன்னது ஓதலாந்தையார் பாடியது. பின்னது கோவர்த்தனார் பாடியது. இரண்டுக்கும் அடிப்படையான நிகழ்ச்சி ஒன்றே. பிரிந்து சென்ற தலைவன் இன்ன பருவத்தில் மீள்வேன் என்று சொல்லிச் சென்றான். கொன்றை பூத்துவிட்டது. அவனோ வரவில்லை.

66ஆம் பாடலில் தோழி பேசுகிறாள். அவள் குற்றம் சாட்டுவது தலைவனை அன்று, மரத்தை. காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார்மழை என்று எண்ணி, அறிவில்லாத கொன்றை மரங்கள் சரம் சரமாகப் பூத்துவிட்டன என்பது அவள் வாதம். 21ஆம் பாடலில் தலைவியே பேசுகிறாள். பூத்த கொன்றைக்காடு இது கார்காலம் என்று கூறினாலும் தான் அதனைத் தெளியப்போவதில்லை; ஏனெனில் அவர் பொய் கூறுபவர் அல்லர் என்கிறாள்.

இரு பாடல்களும் ‘பருவம் அன்று’ என்ற ஒரே கருத்தைச் சொல்வனவாக உரைகளில் இணைத்துக் காட்டப்படுவதுண்டு. கூர்ந்து நோக்கின் வேறுபாடு உண்டு. தோழி மரத்தின் அறிவை மறுக்கிறாள். அது பொய் சொல்லவில்லை, மயங்கிவிட்டது என்பதே அவள் சொல்வது. தலைவியோ காட்டினை ஒரு சாட்சியாக ஏற்றி, அதன் கூற்றைக் கேட்டுவிட்டு, அதற்கு எதிராக மற்றொருவரின் கூற்றை நிறுத்துகிறாள். இங்கே மோதுவன இரண்டு சொற்கள்: காட்டின் சொல் ஒன்று, அவன் சொல் மற்றொன்று. இது கார் அன்று என்று அவள் எங்கும் கூறவில்லை என்பதும் கருதத்தக்கது. நான் நம்பமாட்டேன் என்று மட்டுமே கூறுகிறாள். பருவத்தைப் பற்றிய தீர்ப்பாகத் தோன்றும் அத்தொடர் உண்மையில் தன்னைப் பற்றிய அறிவிப்பு.

பூத்த கொன்றையை அவள் பொன்னணி பூண்ட மகளிரின் கூந்தலோடு ஒப்பிடுகிறாள். பிரிவுக்காலத்தில் மகளிர் கூந்தலை ஒப்பனை செய்வதில்லை என்பது அகமரபு. தான் இப்போது அணியாத அணியைக் காட்டு மரம் அணிந்து நிற்பதை அவள் கண்டிருக்கிறாள். காட்டை நம்ப மறுக்கும் வாய், காட்டின் அழகை அத்துணை நுணுக்கமாகச் சொல்லிவிடுகிறது. அவள் மறுப்பின் உறுதி எத்தகையது என்பதை அவ்வுவமையே காட்டிக்கொடுக்கிறது.

இவற்றோடு அகநானூற்றின் 4ஆம் பாடலை வைத்துப் பார்த்தல் வேண்டும். குறுங்குடி மருதனார் பாடிய அப்பாட்டிலும் கார்காலம். அங்கும் கொன்றை அவிழ்கிறது. அங்கும் பேசுபவள் தோழி. ஆனால் அங்கே மரம் மயங்கியதாக யாரும் பழிக்கவில்லை. தலைவன் தேர் ஏறி வந்துகொண்டிருக்கிறான். தாதுண்ணும் வண்டுகள் அஞ்சும் என்று மணியின் நாவைக் கட்டியபடி வருகிறான். ஒரு பாட்டில் பருவம் அன்று என்று மறுத்து ஆற்றுவித்த தோழி, மற்றொரு பாட்டில் அதே பருவத்தைக் காட்டி ஆற்றுவிக்கிறாள். மலர் மாறவில்லை, மழை மாறவில்லை. கொடுத்த சொல் நிறைவேறும் என்றால் கொன்றை மெய்யான சாட்சி; நிறைவேறவில்லை என்றால் அறிவற்ற மரம். அகப்பாடலில் இப்போது என்ன பருவம் என்பதை முடிவு செய்வது வானம் மட்டும் அன்று. உறவும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

மோதி பாக்கிலிருந்து ஒரு வாசிப்பு

தமிழகத்திற்கு வெளியே இப்பாடல்களைக் கற்போர்க்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. அச்சிக்கல் பாடலின்மேல் எதிர்பாராத ஒளியைப் பாய்ச்சுகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளுள் ஒன்று மோதி பாக்கில் உள்ளது. நடுவண் அரசு ஊழியர்க்கான குடியிருப்புகள் நிறைந்த பகுதி அது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் தென்வளாகமும் அதற்கு அண்மையதே. அங்கு வளரும் தமிழ் மாணவருக்குக் கொன்றை அறியாத மரம் அன்று. ‘அமல்தாசு’ என்ற பெயரில் அம்மரம் தில்லிச் சாலைகளில் நிற்கிறது. மே, சூன் திங்களில், வெயில் 40 பாகையைத் தாண்டும்போது, இலை குறைந்த கிளைகளிலிருந்து மஞ்சட் சரங்கள் தொங்குகின்றன. தென்மேற்குப் பருவமழை தில்லியை அடைவதோ வழக்கமாகச் சூன் இறுதியில்தான். எனவே மோதி பாக் மாணவர் காணும் கொன்றை ஆண்டுதோறும் மழைக்கு முன்னரே பூத்துவிடுகிறது. தோழி தலைவியைத் தேற்றுவதற்காகக் கூறிய புனைவுரை அம்மாணவர்க்குக் கண்ணால் கண்ட உண்மையாகிறது.

இது தில்லிக்கு மட்டும் உரிய நிலை என்றும் சொல்வதற்கில்லை. கேரளத்தில் ஏப்பிரல் நடுவில் வரும் விசுத் திருநாளுக்கு உரிய மலர் கொன்றை. தமிழகத்திலும் சரக்கொன்றை மிகுதியாகப் பூப்பது கோடையில்தான்; பின்னும் சில மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கின்றன. தொல்காப்பிய உரைகளின்படி கார் என்பது ஆவணியும் புரட்டாசியும் ஆகும். தில்லியின் முதல் மழை விழும் ஆனி மாதம் அவ்வுரைகளின் கணக்கில் முதுவேனில். ஆகவே ஆறு பருவங்களின் அட்டவணை மோதி பாக்கில் மரத்தோடும் பொருந்துவதில்லை, மழையோடும் பொருந்துவதில்லை.

இதனைக் கொண்டு சங்கப்புலவர் இயற்கையைப் பிழைபடப் பாடினர் என்று கூறுவது பொருந்தாது. அதேபோல், ‘இயற்கையை உள்ளது உள்ளவாறு பாடினர்’ என்று நம் நூல்கள் ஓயாது கூறிவரும் பாராட்டையும் சற்று அளவோடு கொள்ள வேண்டும். கொன்றை காருக்கு உரியது என்பது புலவர்களின் மரபு. அம்மரபுக்கும் மரத்தின் நடைமுறைக்கும் இடையே நெகிழ்வு இருப்பதைப் புலவர் அறிந்திருக்க வேண்டும் என்றே கருதத் தோன்றுகிறது. முற்றிலும் ஐயமற்ற ஓர் அறிகுறியை வைத்துக்கொண்டு ‘பருவம் அன்று’ என்று ஒருத்தி வாதிட இயலாது. வாதிட்டால் அது நகைப்புக்கு இடமாகும். வழக்காடுதற்கு இடம் தரும் அறிகுறியே அப்பாடல்களுக்குத் தேவைப்பட்டது. ‘திணை மயங்கலாம், நிலம் மயங்குதல் இல்லை’ என்ற கருத்துப்படத் தொல்காப்பியர் கூறுவதும், அதனால் காலம் மயங்கலாம் என்று உரையாசிரியர் கொள்வதும் இங்கு நினைக்கத்தக்கன. இலக்கணமே பொழுதுக்கு நிலத்தினும் கூடுதலான நெகிழ்ச்சியை அளித்திருக்கிறது.

களவுப் பாடல்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. இரவுக்குறியில் தலைவன் வந்து செய்யும் ஒலியைப் போன்றே பறவை எழுப்பும் ஒலியோ, நீரில் விழும் காயின் ஒலியோ தோன்ற, அவன்தான் என்று மயங்கிச் சென்று மீள்வதை ‘அல்லகுறிப்படுதல்’ என்பர். கற்பில் பருவம் செய்யும் மயக்கத்தைக் களவில் ஓர் ஒலி செய்கிறது. ‘குறி’ என்ற சொல்லே அடையாளத்தையும் குறித்த இடத்தையும் ஒருங்கே சுட்டுவது தற்செயல் அன்று.

வேந்துறு தொழிலின் கெடு

பிரிந்து செல்பவன் எத்துணைக் காலம் பிரிந்திருக்கலாம்? இதற்குக் கற்பியலில் வரையறை உண்டு. கல்விக்காகப் பிரியும் பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தல் ஆகாது. வேந்தனுக்காக மேற்கொள்ளும் தொழிலால் ஆகும் பிரிவு ஓர் ஆண்டுக்குள் முடிதல் வேண்டும். ஏனைய பிரிவுகளும் அத்தன்மையனவே. இந்நூற்பாக்களை வெறும் செய்யுள் மரபாகக் கடந்துவிடுவது எளிது. உறவு தாங்கக்கூடிய காலத்தின் எல்லை இவ்வளவு என்று ஓர் இலக்கண நூல் எண் கொடுத்துக் கூறுகிறது என்பதை நாம் போதுமான அளவு வியக்கவில்லை. பிரிவு ஒரு நிலையாக இருந்தால் போதாது. அதற்கு முடிவு நாள் இருந்தால்தான் அது அகத்திணைக்குள் அடங்கும்.

முல்லைக்கு ஒழுக்கம் ‘இருத்தல்’ என்று வகுத்ததன் பொருளும் இங்கே தெளிவாகிறது. இருத்தல் என்பது வெறுமனே பொறுத்துக்கொண்டிருத்தல் அன்று. முடிவு நாள் குறிக்கப்பட்ட காத்திருப்பு. முல்லைப்பாட்டு இதற்கு மிகச்சிறந்த சான்று. பத்துப்பாட்டில் மிகச் சிறிய அப்பாட்டு, 103 அடிகளுக்குள் இருவேறு காலங்களை அருகருகே வைக்கிறது. பாசறையில் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் உள்ளனர். அவர்கள் நீர் கசியும் கன்னலைப் பார்த்து இப்போது இன்ன பொழுது என்று அறிவிக்கின்றனர். பொய் சொல்லாதவர்கள் என்று அவர்களுக்குப் புலவர் அடை தருகிறார். அரண்மனையிலோ தலைவிக்குக் கன்னல் இல்லை. முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக்குச் சென்று நெல்லும் மலரும் தூவி விரிச்சி கேட்கின்றனர். தாய்ப்பசுவை எதிர்நோக்கித் தவிக்கும் கன்றிடம், உன் தாய் இப்போதே வந்துவிடும் என்று ஆய்மகள் ஒருத்தி கூறிய சொல்லை நற்சொல்லாகக் கொண்டுவந்து அவளிடம் உரைக்கின்றனர்.

போர்க்களத்தின் காலம் அளக்கப்படுகிறது. வீட்டின் காலம் கேட்டறியப்படுகிறது. பொய்யாதவர்கள் அளந்து சொல்லும் பொழுது அவனிடம் இருக்கிறது. ஆனால் அவளுக்கு வேண்டிய செய்தி அந்தக் கன்னலில் இல்லை. கன்றுக்குக் கூறிய சொல்லில் இருக்கிறது. குறுந்தொகைத் தலைவி கொன்றையை விடுத்து அவன் சொல்லைப் பற்றிக்கொண்டதும் முல்லைப்பாட்டின் முதுபெண்டிர் ஓர் ஆய்மகளின் சொல்லைப் பற்றிக்கொண்டதும் ஒரே மனநிலையின் இரு தோற்றங்கள். அரசனின் கூடாரத்தில் நீர்க்கடிகையை வைத்த நப்பூதனார் அதனைத் தலைவியின் மாளிகையில் வைக்காமல் விட்டது ஓர் அழகிய முடிவு என்பதே எம் கருத்து.

திருக்குறளின் ‘அவர்வயின் விதும்பல்’ அதிகாரம் இக்காத்திருப்பின் கணக்கை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. அதன் முதற்குறளில் (1261) அவன் சென்ற நாள்களைச் சுவரில் இட்ட குறிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணித் தலைவியின் விரல் தேய்ந்தது. ஒன்பதாம் குறளில் (1269) அவன் வரும் நாளை மனத்தில் வைத்து ஏங்குவோர்க்கு ஒருநாள் ஏழுநாள் போல நெடிதாகிறது. முன்னதில் எண்ணப்படுவது கழிந்த நாள். பின்னதில் நினைக்கப்படுவது வரவேண்டிய நாள். விரல் பின்னோக்கி எண்ணுகிறது, மனம் முன்னோக்கி எண்ணுகிறது. குறித்த பருவம் உடைய பிரிவில் காலம் இவ்விரு கணக்குகளுக்கும் இடைப்பட்ட இழுபறியாகவே அமையும்.

பெரும்பொழுது இல்லாத திணைகள்

மேற்கூறியது ஒரு பக்கம். மறுபக்கத்தைத் தொல்காப்பியரின் மௌனம் காட்டுகிறது. மருதத்திற்கும் நெய்தலுக்கும் அவர் சிறுபொழுது கூறினாரேயன்றிப் பெரும்பொழுது கூறவில்லை. கூறாமையால் ஆறு பருவமும் அவற்றுக்கு உரியன என்று உரையாசிரியர் கொண்டனர். அவ்விளக்கம் ஏற்புடையதே. எனினும் ஏன் கூறவில்லை என்ற வினா எஞ்சுகிறது. மருதத்துப் பிரிவு பரத்தையிற் பிரிவு. பரத்தை இல்லத்திற்குச் செல்பவன் இன்ன பருவத்தில் மீள்வேன் என்று சொல்லிச் செல்வதில்லை. சொல் இல்லாத இடத்தில் பருவத்துக்கு வேலை இல்லை. ஊடல் எந்த மாதத்திலும் நிகழும். நெய்தலின் இரங்கலும் அத்தகையதே. குறிஞ்சிக்கும் பாலைக்கும் இவ்விளக்கத்தை அப்படியே பொருத்திவிட முடியாது. குறிஞ்சியின் கூதிரும் முன்பனியும் கூட்டத்தின் அருமையைக் காட்டவே வந்தன எனத் தோன்றுகிறது. பாலையின் வேனில் வழியின் கொடுமையைக் காட்ட வந்தது. ஆனால் முல்லை, மருதம் ஆகிய இரண்டையும் எதிரெதிர் நிறுத்தும்போது, சொல் கொடுக்கப்பட்ட பிரிவுக்குப் பருவம் உண்டு, கொடுக்கப்படாத பிரிவுக்குப் பருவம் இல்லை என்ற முடிபு வலுப்பெறுகிறது.

தாயின் காலம்

அகத்திணையில் சொல் கொடுக்கப்படாத மற்றொரு பிரிவு உண்டு. அது உடன்போக்கு. தலைவனோடு சென்ற மகள் தாயிடம் எப்பருவத்தையும் குறித்துச் செல்வதில்லை. ஆதலின் நற்றாயும் செவிலியும் கொன்றையோடு வழக்காட வழியே இல்லை. அவர்களுக்குச் சுவரில் கோடு இட்டு எண்ணுவதற்கும் ஒன்றும் இல்லை. அவர்கள் செய்வன இரண்டு: தேடுதல், நினைத்தல்.

வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 44ஆம் பாடலில் தேடல் காணப்படுகிறது. நடந்து நடந்து செவிலியின் கால்கள் ஓய்ந்தன. பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளி இழந்தன. எதிரில் வருவோர் வானத்து மீனினும் பலர். அவளுடையவர் மட்டும் அவருள் இல்லை. கலித்தொகையின் 9ஆம் பாடலில் அவ்வாறு தேடிச் செல்பவளை முக்கோற் பகவர் நிறுத்தி, சந்தனம் மலைக்குப் பயன்படுவதில்லை, முத்து கடலுக்குப் பயன்படுவதில்லை, இசை யாழுக்குப் பயன்படுவதில்லை என்று கூறித் திருப்பி அனுப்புகின்றனர். அறமுடைய அறிவுரைதான். ஆயினும் மலைக்கும் கடலுக்கும் யாழுக்கும் நினைவு இல்லை என்பதை அவர்கள் கருதவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

நினைவின் இயல்பைப் போதனார் பாடிய நற்றிணை 110ஆம் பாடல் போல உணர்த்துவது அரிது. சிறுமியாக இருந்தபோது, தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, சிறுகோல் ஓச்சி உண்ணச் சொன்ன முதிய செவிலியர் தளர்ந்து நிற்க, பந்தல் முழுதும் ஓடி விளையாடி மறுத்தவள் அவள். இன்று வறுமையுற்ற கணவன் இல்லத்தில், தந்தையின் வளமான சோற்றை நினையாமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்ணும் வன்மை பெற்றிருக்கிறாள். இந்த அறிவும் ஒழுக்கமும் எங்கிருந்து கற்றாள் என்பதே தாயரின் வியப்பு. இங்கே காத்திருப்பு இல்லை. அன்று, இன்று என்ற இரு புள்ளிகள் மட்டுமே உள்ளன. இடையில் கழிந்த காலம் பாட்டில் சொல்லப்படவில்லை. ஏனெனில் அக்காலத்தில் தாய் உடன் இல்லை. மகள் வளர்ந்த காலத்தின் பெரும்பகுதி தாயின் கண்ணுக்கு மறைவில் நிகழ்ந்தது. அவ்வியப்பில் பெருமிதமும் உண்டு, இழப்பும் உண்டு. எது மிகுதி என்று பாட்டு முடிவு செய்யவில்லை.

மோதி பாக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலையோடு பொருத்திப் பார்க்கும்போது இவ்வேறுபாடு மேலும் விளங்கும். அங்குள்ள அரசுக் குடியிருப்பில் இருப்போர் அனைவரும் பழைய வழக்கில் சொன்னால் வேந்துறு தொழிலின் பொருட்டு வந்தோரே. ஆனால் தொல்காப்பியர் அத்தொழிலுக்கு இட்ட ஓராண்டு எல்லை அவர்க்குப் பொருந்தாது. பாசறைக்கு மகளிரை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என்பது பழைய மரபு. அரசுக் குடியிருப்போ மனைவி மக்களோடு வாழவே கட்டப்பட்டது. ஆகவே கணவன் மனைவியர்க்கு இடையே இருந்த பிரிவு நீங்கிவிட்டது. நீங்கிய பிரிவு மறைந்துபோகவில்லை. இடம் மாறி, ஊரிலிருக்கும் தாய் தந்தையர்க்கும் தில்லியிலிருக்கும் மக்களுக்கும் இடையே சென்று நின்றுவிட்டது. இப்பிரிவில் யாரும் பருவம் குறித்துச் சொல் கொடுப்பதில்லை. பணி ஓய்வுக்குப்பின் இத்துணைத் திங்களுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று அரசின் விதி உண்டு. ஊர் திரும்ப வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் பேரப்பிள்ளையைக் கண்டு, போன முறைக்கும் இந்த முறைக்கும் இவ்வளவு வளர்ந்துவிட்டானே என்று வியக்கும் பாட்டியின் குரல், முல்லைத் தலைவியின் குரலினும் போதனாரின் தாய்க்கே நெருங்கியது. அகப்பாடல் என்றாலே தலைவன் தலைவி என்று தொடங்கும் நம் பாடத்திட்டம், நற்றாய் செவிலி கூற்றுகளை இறுதியில் ஓரிரண்டு மட்டும் சேர்ப்பது வழக்கம். வெளிமாநிலங்களில் தமிழ் பயிலும் மாணவர்க்கு அவ்வரிசையை மாற்றிப் பார்த்தல் தகும்.

புறத்தில் இரு வடிவும்

அன்று, இன்று என்ற இரு புள்ளிகளால் அமைந்த காலம் புறநானூற்று வாசகர்க்குப் பழக்கமானதே. பாரி மகளிர் பாடிய 112ஆம் பாடல், சென்ற திங்களின் வெண்ணிலவையும் இத்திங்களின் வெண்ணிலவையும் எதிரெதிர் வைக்கிறது. நிலவு திரும்பி வந்துவிட்டது. தந்தையும் குன்றும் வரவில்லை. ஐந்தே அடியில் அமைந்த அப்பாட்டில் ஒப்பாரிக்குரிய ஒரு சொல்லும் இல்லை என்பது வியப்பு. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243ஆம் பாடலில், மடுக்கரை மருதின் கிளையேறி, கரையில் நின்றோர் வியக்க நீர் தெறிக்கப் பாய்ந்து, அடிமணலை அள்ளிக் காட்டிய இளமை நினைக்கப்படுகிறது; இன்றோ கையில் ஊன்றுகோல், இருமலுக்கு இடையிடையே சில சொற்கள். பெரும்பாலும் மூப்பைப் பற்றிய பாட்டாகவே இது கற்பிக்கப்படுகிறது. அது உடன் விளையாடியோரைப் பற்றிய பாட்டும் ஆகும். மணற்பாவைக்குப் பூச்சூட்டிய மகளிரும், கைகோத்து ஆடிய தோழரும் இருந்த கூட்டம் முதற்பகுதியில் நிறைந்திருக்கிறது. இரண்டாம் பகுதியில் முதியவர் ஒருவரே எஞ்சுகிறார்.

இவ்வாறாயின், காத்திருப்பு அகத்துக்கும் நினைவு புறத்துக்கும் உரியது என்று பகுத்துவிடலாமா? இயலாது. நற்றிணைத் தாய் அப்பகுப்பை ஒரு பக்கம் உடைத்துவிட்டாள். மறுபக்கம் உடைப்பவர் கோப்பெருஞ்சோழன். வடக்கிருக்கும் அவன், தான் ஒருகாலும் கண்டறியாத பிசிராந்தையார் வருவார் என்று காத்திருக்கிறான். செல்வம் உள்ள காலத்தில் வராது நின்றாலும் துன்பம் வந்த காலத்தில் நிற்கமாட்டார் என்பது அவன் நம்பிக்கை (புறம். 215). பல்லாண்டு கழிந்தும் கண்டதே இல்லையே, வருவாரோ என்று அருகிலிருப்போர் ஐயுறுகின்றனர். அவருக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்கிறான் (216). அவர் வருகிறார், பொத்தியார் வியக்கிறார் (217). முல்லைத் தலைவியின் நம்பிக்கைக்கு ஒரு பருவமாவது பிணையாக இருந்தது. இங்கு அதுவும் இல்லை. புறத்திணைப் பாடல் என்று வகுக்கப்பட்டிருப்பினும், முல்லையின் இருத்தலை இதனினும் தூயதாகக் காட்டும் பாட்டு அகத்தொகைகளில் அரிது.

அப்பிசிராந்தையாரே 191ஆம் பாடலில், ஆண்டுகள் பலவாகியும் நரை இல்லாதது ஏன் என்ற வினாவுக்கு விடை கூறுகிறார். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தான் கருதியதையே கருதும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் வேந்தன், இவற்றினும் மேலாக ஊரிலுள்ள ஆன்று அவிந்து அடங்கிய சான்றோர் பலர். உடலின்மேல் காலம் இடும் குறியாகிய நரைக்கு அவர் உறவுகளைக் கொண்டு விடை சொல்கிறார். இதனைக் கவலையற்ற வாழ்வின் நலம் என்று மட்டும் விளக்குவது பாடலைச் சுருக்குவதாகும். அவர் எண்ணியவற்றுள் ஒன்றுகூடத் தனியொருவனின் உடலையோ உணவையோ பற்றியது அன்று. கொன்றை பூத்தால் கார் என்று ஊர் சொல்வதைப் போல, நரை தோன்றினால் மூப்பு என்று ஊர் சொல்லும். அவ்விரு அறிகுறிகளின்மேலும் உறவுக்கு அதிகாரம் உண்டு என்பதையே 21ஆம் குறுந்தொகைப் பாட்டின் தலைவியும் 191ஆம் புறப்பாட்டின் முதியவரும் தத்தம் வழியில் கூறுகின்றனர்.

பொத்தியாரின் நிலை வேறு. அவரும் மன்னனோடு வடக்கிருக்கவே விரும்பினார். அவர் மனைவி கருவுற்றிருந்தாள். மகன் பிறந்தபின் வருக என்று கூறி அரசன் அவரைத் திருப்பி அனுப்பினான். சாவுக்குச் செல்ல விரும்பிய ஒருவருக்கு ஒரு பிறப்பு தவணையாகக் குறிக்கப்பட்டது. மகன் பிறந்தபின் அவர் மீண்டு வந்தபோது மன்னன் இல்லை, நடுகல் இருந்தது. அந்நடுகல்லை நோக்கி, எனக்குரிய இடம் எது என்று 222ஆம் பாடலில் கேட்கிறார்.